ஐம்பது சென்ட் புல்

மூன்றாம் முறை கயிற்றை இழுத்தபோது புல்வெட்டும் மெஷின் ஒரு தும்மல் போட்டுவிட்டு உறுமத் தொடங்கியது, ரங்கநாயகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அறுபத்திரண்டு வயதில் இப்படியொரு பிசாசைத் தட்டியெழுப்பத் தனக்குத் தெம்பிருக்கிறது என்று யார் நினைத்தார்கள், அவர் நினைத்திருக்கவே மாட்டார், அவர் என்றால் நாச்சிமுத்து, நாற்பது வருஷமாக அவளுக்குப் புருஷன், இந்த ஒஹையோ வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து இந்தப் புல்லுக்கும் அவர்தான் புருஷன், இரண்டு பேரில் யாருக்கு அதிகக் கவனிப்பு என்று கேட்டால் அவள் வாயைத் திறக்காமல் இருப்பதே குடும்பத்துக்கு நல்லது. இப்போது அந்த மனுஷர் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நாற்காலியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், மார்ச் மாதம் நெஞ்சைத் திறந்து ரத்தக்குழாயில் வேலை பார்த்துத் திரும்பத் தைத்து அனுப்பியிருக்கிறார்கள், பால் கேனைக்கூடத் தூக்கக்கூடாது, எதையும் தள்ளக்கூடாது, இழுக்கக்கூடாது, இருமல் வந்தால் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் ஒரு சிவப்புத் தலையணை கொடுத்திருக்கிறார்கள், அதை அவர் மடியில் வைத்திருப்பது இங்கிருந்தே தெரிகிறது. கையை ஆட்டினாள். அவர் ஆட்டவில்லை. கண்ணாடியில் வானம் விழுந்து அவள் கை தெரியாமல் போயிருக்கலாம், அப்படித்தான் இருக்கும், அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு மெஷினைத் தள்ளினாள், அது தானாகவே ஓடுகிற சாதி, பிடித்துக்கொண்டு கூடவே நடந்தால் போதும், கைப்பிடிக் கம்பியை விட்டால் அடங்கிவிடும், நேற்று சாயங்காலம் கார் ஷெட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவர் இதையெல்லாம் பாடம் நடத்தினார், நடத்தினார் என்றும் சொல்ல முடியாது, அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், அவ்வளவுதான், பழைய நாச்சிமுத்து என்றால் கேட்காததற்கும் பதில் சொல்லியிருப்பார்.

ஏப்ரல் கடைசி. பனியெல்லாம் கரைந்து, ஒரு வாரம் மழை பெய்து, பிறகு வெயில் அடிக்கவும் புல் கண்மண் தெரியாமல் வளர்ந்து கிடந்தது, ஊடே மஞ்சள் பூக்கள், இவள் வந்த புதிதில் யாரோ ஆசையாக விதைத்திருக்கிறார்கள் என்று நினைத்து அதைப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனாள், களையைத் தலையில் வைத்துக்கொண்டு போனவள் என்று அவர் பல வருஷம் சொல்லிச் சிரித்தார். அந்தக் களையெல்லாம் இப்போது அவள் காலடியில் போய்க்கொண்டிருந்தது. அவருடைய ஷூவை இரண்டு சாக்ஸ் போட்டு மாட்டியிருந்தாள், சுடிதாருக்கு மேல் அவருடைய காக்கி ஜாக்கெட், தலையில் அவருடைய தொப்பி, முன்னாடி போகிறவனுக்குப் பின்னாடி வருகிறவள் என்று இருந்தவள் இன்றைக்கு அவருடைய தோலையே எடுத்துப் போட்டுக்கொண்டாற்போல ஆயிற்று, இது அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் நிறைய சந்தோஷமாகவும் இருந்தது. வேலி ஓரமாக ஒரு பக்கம் முழுக்கப் போய்த் திரும்பிப் பார்த்தாள். அடடா. போன இடமெல்லாம் ஒரு பட்டை, வெளிர்பச்சையாக, சீவி விட்ட தலை மாதிரி. இருபது வருஷம் இந்த ஊர்த் துணிக்கடை ஒன்றில் துணி வெட்டிக் கொடுக்கிற வேலை பார்த்தவள், நல்ல கத்தரி நல்ல பருத்தியில் போகும்போது கடைசிப் பாதியை வெட்டவே வேண்டியதில்லை, கத்தரியைச் சும்மா தள்ளினால் போதும், துணி தானாகப் பிரிந்துகொடுக்கும், அந்த நேரத்தில் கைக்குள் ஒரு சுகம் ஓடும், வேலையை விட்டு வந்தபின் அவள் அதிகம் தேடியது அந்தச் சுகத்தைத்தான், சம்பளத்தைக்கூட அல்ல. அது இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது, வீட்டுக்குப் பின்னால், தன் ஜன்னலுக்கு நேர் எதிரே, இத்தனை வருஷமாக அந்த மனுஷர் ஒண்டியாக அனுபவித்துக்கொண்டிருந்திருக்கிறார். வேலை வேலை என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே போவாரே, என்ன நடிப்பு.

வாசனை வேறு. அறுத்த புல்லின் வாசனையோடு பெட்ரோல் வாசனையும் ஈர மண்ணும் கலந்து, இதற்கு ஒரு பெயர் வைக்க முடியாது, மூச்சை இழுத்து இழுத்து வாங்கினாள். கைப்பிடியின் அதிர்வு முழங்கை வரைக்கும் ஏறி அங்கே தங்கியது. சமையலறையில் ஒரு நாளைக்கு எத்தனை காரியம் முடிக்கிறோம், முடித்ததற்கு அடையாளம் எங்கே, தின்று தீர்த்தால் தீர்ந்தது, இதில் பார், போன வழி அப்படியே நிற்கிறது, நான் வந்து போனேன் என்று சொல்கிறது. ஐம்பது சென்ட் என்று வாங்கின புதிதில் தாராபுரத்துக்கு போன் போட்டுச் சொன்னார், ஐம்பது சென்ட்டும் வெறும் புல்லா, ஒரு வெள்ளாமையும் இல்லையா, தண்ணி இருக்கிற பூமியை இப்படியா போட்டு வைப்பது என்று அவருடைய அண்ணன் கேட்டு மாளவில்லை. ஒரு வெள்ளாமையும் இல்லை. வெட்டி, வெட்டினதை அங்கேயே விட்டுவிட்டு, அடுத்த வாரம் திரும்ப வெட்டுவது. யாருக்கும் காலணா பிரயோஜனமில்லாத காரியம், அதனால்தான் இத்தனை இதமாக இருக்கிறதோ என்னவோ, எதற்காகச் செய்கிறாய் என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் இன்றைக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது. இன்றைக்கு இது எதற்காக என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது, அவள் மனசுக்குள் ஒரு பந்தயம் கட்டியிருந்தாள்.

டாலஸில் இருக்கும் மகள் பிருந்தா எல்லாவற்றையும் யோசித்து வைத்துவிட்டாள். அப்பாவால் இனிமேல் இத்தனை பெரிய இடத்தைப் பார்க்க முடியாது, வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்துவிடுங்கள், எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு அபார்ட்மெண்ட், நான்காவது மாடி, லிஃப்ட் இருக்கிறது, பனி இல்லை, புல் இல்லை. பிள்ளை தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொல்கிறாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அழுத அழுகையை ரங்கநாயகிதானே பார்த்தாள். ஆள் வைத்து வெட்டலாம் என்றும் பார்த்தார்கள், போன வருஷம் அவருக்கு இடுப்புப் பிடித்தபோது ஒரு கம்பெனியிலிருந்து பையன்கள் வந்து சாரட்டு மாதிரி ஒரு மெஷினில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டுப் போனார்கள், அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை, நான் தூங்கறப்ப எவனோ வந்து என் மீசையச் செரச்சுப்போட்டுப் போயிட்டானே என்று புலம்பினார். அந்த மனுஷரிடம் பிருந்தா வீட்டை விற்கலாமா என்று போனில் கேட்டதும் சரி என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஏஜெண்டு வந்து வீட்டைப் பார்க்கட்டுமா, சரி. அங்கேதான் ரங்கநாயகிக்குப் பயம் வந்தது. வீடு போவதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை, பனியைத் திட்டாத வருஷம் அவளுக்கு ஒன்றுகூட இல்லை, விற்றால் விற்கட்டும். அந்தச் சரிதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து எதற்கெடுத்தாலும் சரி. உப்பில்லாத ரசம், சரி. குளிக்க நான் தண்ணீர் ஊற்றட்டுமா, சரி. டிவி வேண்டாமா, சரி. காபிக்குச் சர்க்கரை ஒரு சிட்டிகை குறைந்தாலும் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு முகட்டைப் பார்க்கிற மனுஷர், கல்யாணமான நாளிலிருந்து அவளோடு எதிலாவது ஒத்துப்போயிருக்கிறாரா, குழம்பில் புளியிலிருந்து கார் நிறுத்துகிற இடம்வரை ஒன்றையும் விட்டுவைக்காமல் சண்டை பிடித்தவர், தைத்து அனுப்பும்போது டாக்டர் எதையோ உள்ளே வைக்க மறந்துவிட்டார். அவளுடைய அம்மாகூட இப்படித்தான், கடைசி மாசம் எதற்கும் மறுப்புச் சொல்லாமல், என்ன நல்ல மனுஷி என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே. மெஷினைப் பார். முழுவதையும் நானே வெட்டி முடித்துவிட்டால் வீடு நிற்கும், அவரும் நிற்பார், இதுதான் பந்தயம், யாரோடு என்று கேட்டால் சொல்லத் தெரியாது, சாமியோடு என்று வைத்துக்கொள்ளலாம், சாமிக்கு இந்த ஊர் வேலியும் மேப்பிள் மரமும் தெரியுமோ என்னமோ.

நடுவில் நிற்கும் அந்த மேப்பிள் மரத்தை வைத்துத்தான் அவர் சுற்றுவார். வெளி ஓரத்தில் தொடங்கி, மரம் எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கும்படி, சுற்றிச் சுற்றி உள்ளே வந்து மரத்தடியில் முடிப்பார், வலம் வருவது, கோயிலில் வருவது போலவே, வேறு விதமாக அவருக்கு நடக்கத் தெரியாது. இவளும் ஜன்னலில் நின்று பார்த்துப் பார்த்து அப்படித்தான் தொடங்கியிருந்தாள், யோசிக்கவே இல்லை. சிக்கல் எங்கே என்றால் மெஷினின் வாய் வலப்பக்கம் இருக்கிறது, வெட்டின புல்லை அது வலப்பக்கமாகத் துப்புகிறது, வலம் வந்தால் துப்புகிறதெல்லாம் இன்னும் வெட்டாத புல்லின் தலையில் போய் விழுகிறது, அடுத்த சுற்றில் அதையும் சேர்த்து வெட்ட வேண்டும், அதற்கடுத்த சுற்றில் அது இன்னும் கூடுகிறது. இரண்டாம் சுற்றில் மெஷின் முனகியது. மூன்றாம் சுற்றை முடித்து, தொடங்கின மூலைக்கு வந்ததும் திணறி, ஒரு உலுக்கு உலுக்கி, நின்றேவிட்டது. அவர் சொல்லிக்கொடுத்தபடியே முன்னால் இருக்கும் வயரைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் குனிந்து பார்த்தாள், அடியில் ஈரப்புல் சாணி உருண்டையாக அடைந்திருந்தது, குச்சியால் குத்திக் குத்தி எடுத்தாள், கையெல்லாம் பச்சை. பக்கத்து வீட்டு வால்ட்டர் கிழவர் தன் தோட்டத்தில் நின்றிருந்தவர் வேலிக்கு வந்தார், மெஷின் கெட்டுவிட்டதா என்று கேட்டார், நாச்சி எப்படி இருக்கிறார் என்று கேட்டார், பிறகு தயங்கித் தயங்கி, தப்பாக நினைக்காதீர்கள், எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் புல் வெட்டின இடத்தில் போய் விழும், அடைக்காது, பாதி நேரத்தில் முடிந்துவிடும் என்றார். வந்த முதல் வருஷமே நாச்சிமுத்துவிடம் சொன்னாராம். அதற்கு அவர், எங்கள் ஊரில் நல்லதைச் சுற்றினால் வலப்பக்கமாகத்தான் சுற்றுவோம், இது என் வீடு, நல்ல வீடு என்று சொல்லிவிட்டாராம். அது அவருடைய மதம், நான் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை என்று வால்ட்டர் மரியாதையாகச் சொன்னார். இத்தனை வருஷமாக ஒரு மனுஷர் ஒரே புல்லை இரண்டிரண்டு தரம் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார் பாவம், அதை மதம் என்று நினைத்துக்கொண்டு.

வால்ட்டர் போனபின் வயரைத் திரும்ப மாட்டிவிட்டுக் கயிற்றை இழுத்தாள், நான்காவது இழுப்பில் பிடித்தது, ஆனால் கால் நகரவில்லை. திருப்பினால் முடிந்தது. மெஷினை ஒரு அரைவட்டம் திருப்பி வந்த வழியே போக வேண்டியது, இவ்வளவுதான், அறிவு ஆமாம் என்கிறது, கைக்கு மனசில்லை. இடமாகச் சுற்றுவது எதற்கு என்று யாருக்குத் தெரியாது. அப்பாவை வாசலில் கிடத்தியிருந்தபோது பெண்பிள்ளைகளெல்லாம் வரிசையாக இடமாகச் சுற்றி வந்து வாய்க்கரிசி போட்டார்கள், ரங்கநாயகி பழக்கதோஷத்தில் வலமாகத் திரும்பிவிட்டாள், பெரியத்தை தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள், அந்தப் பிடி தோளில் இன்னும் இருக்கிறது, இந்தப் பக்கம் சாமி, இப்ப இந்தப் பக்கம் என்று அத்தை சொன்னதும். அதற்கப்புறம் அவள் எதையும் இடமாகச் சுற்றினதில்லை. இங்கே, புருஷன் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும்போது, தைத்த நெஞ்சோடு, சரி சரி என்று சொல்லிக்கொண்டு, அவர் வீட்டுப் புல்லை அவர் பார்க்க நான் இடமாகச் சுற்றுவதா. யாராவது கேட்டால் சிரிப்பார்கள், பிருந்தா தலையில் அடித்துக்கொள்வாள், அம்மா அது புல்லும்மா என்பாள். புல்தான். எல்லாம் எதுவோ ஒன்றுதான், அரிசியும் அரிசிதானே. திருப்பாமல் அப்படியே போனால் இன்னும் ஒரு சுற்றில் திரும்ப அடைக்கும், திரும்பக் குச்சி, திரும்பக் கயிறு, இப்போதே தோள்பட்டை கடுக்கிறது, பாதியில் விட்டால் பந்தயம் போச்சு. திருப்பினால் முடியும், முடிந்தாலும் எப்படி முடித்தாய் என்று உள்ளே ஒன்று கேட்கும். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நின்றாள். மெஷின் உறுமிக்கொண்டே இருந்தது, அதற்கு என்ன, அது யாருக்கும் பிள்ளையில்லை. ஜன்னலைப் பார்த்தாள், கண்ணாடியில் மேகம் போயிற்று, தலை தெரிந்தது, முகம் தெரியவில்லை.

அப்புறம்தான் உப்பு மிளகாய் ஞாபகம் வந்தது. பிருந்தா குழந்தையாக இருந்தபோது வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கையில் உப்பும் மிளகாயும் வைத்துச் சுற்றுவாளே, முதலில் வலமாக மூன்று, பிறகு இடமாக மூன்று, இடமாகச் சுற்றாமல் எந்தத் திருஷ்டி கழிந்தது? வலமாகச் சுற்றுவது அடைந்து கிடப்பதை எல்லாம் சேர்த்துக்கொள்ள, இடமாகச் சுற்றுவது கொண்டுபோய்க் கொட்ட. வலமாக மூன்று சுற்று முடித்தாகிவிட்டது. பார், கணக்குக்கூடச் சரியாக வருகிறது, இன்றைக்கும் வெள்ளிக்கிழமை. இது யாரும் எங்கேயும் சொன்னதில்லை, அவளே அந்தச் சணத்தில் செய்துகொண்ட சாத்திரம், பெரியத்தை இருந்திருந்தால் ஒப்புக்கொள்வாளா என்றால் சந்தேகம், ஆனால் பெரியத்தை தாராபுரத்தைத் தாண்டினதில்லை, பெட்ரோல் மெஷினைப் பிடித்ததில்லை. இந்த வீட்டுக்குக் கண்ணுபட்டுத்தான் இருக்கிறது, இல்லாவிட்டால் ஒரு சிகரெட் பிடிக்காத மனுஷருக்கு இப்படி வருமா, கழிக்கட்டும், எல்லாம் போகட்டும். மெஷினைத் திருப்பினாள்.

திருப்பினதும் அது வேறு மெஷின் ஆகிவிட்டது. முனகல் போய் ஒரே சுருதி, வெட்டின புல் வெட்டின பட்டையின் மேல் மெல்லிசாகத் தூவிக்கொண்டே வந்தது, பூப்போட்ட மாதிரி, அடைசல் இல்லை, உலுக்கல் இல்லை. செம்மார்புக் குருவி ஒன்று பின்னாலேயே தத்தித் தத்தி வந்தது, வெட்டின புல்லுக்குள் புழு தேடி, பயமே இல்லை அதற்கு, அது இவளுக்கு ஏதோ மரியாதை செய்வதுபோல இருந்தது. கத்தரி பருத்தியில் போனாற்போலப் போனாள். ஒரு பக்கம், திரும்பு, ஒரு பக்கம், திரும்பு, கறிவேப்பிலைத் தொட்டியை இன்னும் இரண்டு வாரத்தில் வெளியே எடுத்து வைக்கலாம், இந்த மூலையில் வெயில் நன்றாக விழுகிறது, வெண்டைக்குக்கூட இடம் இருக்கிறது, ஏன் நாம் ஒரு வருஷமும் வெண்டை போடவில்லை, அவர் புல்லை விட்டுக்கொடுக்கமாட்டார், அதனால்தான், இந்த வருஷம் கேட்டால் சரி என்பார். அந்தச் சரி திரும்ப வந்தது, வந்து கொஞ்ச தூரம் கூட நடந்தது, பிறகு பின்தங்கிவிட்டது, இந்தச் சத்தத்தில் எந்த நினைப்பும் ரொம்ப தூரம் கூட வர முடியாது என்று அவளுக்குப் பட்டது, அதற்காகத்தான் அவரும் இங்கே வந்துகொண்டிருந்தாரோ, பிருந்தா காலேஜுக்குப் போன வருஷம், அவருக்கு வேலை போன வருஷம், அவருடைய அம்மா ஊரில் தவறிப்போய் டிக்கெட் கிடைக்காமல் போகமுடியாத வருஷம், அன்றைக்கு வெட்டிய புல்லை மறுநாளும் வெட்டினாரே, பைத்தியமா என்று கேட்டோமே. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒன்றும் பார்க்கவில்லை. கண் கலங்கிற்று, சந்தோஷம் குறையவில்லை, இரண்டும் ஒன்றையொன்று இடிக்காமல் இருந்தன. மரம் கிட்டே வந்துகொண்டிருந்தது, வெட்டாத இடம் ஒரு கூடம் அளவுக்கு, பிறகு ஒரு பாய் அளவுக்குச் சுருங்கியது, இவ்வளவுதானா, இதற்குள்ளா என்று ஏமாற்றமாகக்கூட இருந்தது, நடையை மெதுவாக்கினாள். முடிக்கப்போகிறேன் பார் என்று காட்டுவதற்காக ஜன்னலைப் பார்த்தாள். நாற்காலி காலி.

கம்பளி மட்டும் கிடந்தது, பாதி நாற்காலியில் பாதி தரையில். பாத்ரூமுக்குப் போயிருப்பார். பாத்ரூமுக்குப் போனால் கம்பளியை மடித்து வைத்துவிட்டுப் போகிற மனுஷர். கூப்பிட்டிருப்பாரோ, இந்தச் சத்தத்தில் கூப்பிட்டிருந்தால் எனக்கு எப்படிக் கேட்கும், எத்தனை நேரமாக ஜன்னலைப் பார்க்காமல் இருந்தேன், வெண்டைக்காயை நினைத்துக்கொண்டு, இடமாகச் சுற்றிக்கொண்டு, நீயே ஒரு சாத்திரம் செய்துகொண்டாய் அல்லவா, பெரியத்தையின் கை தோளில் விழுந்தது, இந்தப் பக்கம், இப்ப இந்தப் பக்கம். கைப்பிடிக் கம்பியை விட்டாள். மெஷின் அடங்கியது. அந்த அமைதியில் காதுக்குள் மட்டும் அது ஓடிக்கொண்டே இருந்தது, அதற்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது, கரகரவென்று, விட்டு விட்டு, வீட்டின் பின்வாசலிலிருந்து. நாச்சிமுத்து படிக்கட்டுக்கு மேல் நின்றுகொண்டிருந்தார், வேட்டியும் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயுமாக, சிவப்புத் தலையணையை நெஞ்சோடு இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, கத்தினால் தையல் வலிக்கும், வலிக்காமல் இருக்க அணைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். அப்படியே நின்று கேட்டாள். அவருடைய முகம் சிவந்திருந்தது. எத்தனை நாளாயிற்று அந்த முகத்தைப் பார்த்து.

"என்ன புள்ள பண்றே? ஏம் புள்ள இடமாச் சுத்தறே?"

அவள் கிட்டே போனாள். ஓடக்கூடாது என்று நினைத்து ஓடினாள். மெஷின் அடைக்கிறது, வால்ட்டர் சொன்னார், முதலில் வலமாகத்தான் சுற்றினேன், இது திருஷ்டி கழிக்கிற மாதிரி என்று நினைத்துக்கொண்டு என்றெல்லாம் அவளே கேட்டால் சிரிக்கிற விதத்தில் சொல்லிக்கொண்டு போனாள். அவர் பாதியில் கையை நீட்டி நிறுத்தினார்.

"இடமாச் சுத்துனா சீக்கிரம் முடியுமுன்னு எனக்குத் தெரியாதா? மொத வருசமே தெரியும். நான் மெக்கானிக்கல் படிச்சவன்."

"அப்பறம் எதுக்குங்க வலமாவே சுத்துனீங்க? வால்ட்டருகிட்டச் சாமி பூதமுன்னு வேற சொல்லி வெச்சிருக்கறீங்க."

"சீக்கிரம் முடிச்சுப்போட்டு உள்ள வந்து என்ன பண்றது?" என்றார். தலையணையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார். "வலமா வந்தா ரெண்டு மடங்கு நடக்கலாம். அதுக்கோசரந்தான். நீ என்னடான்னா ஒரே மூச்சுல முடிச்சுப்போட்டே."

ரங்கநாயகிக்கு மூச்சு வாங்கியது, அது ஓடினதால் வாங்குகிறதா என்று தெரியவில்லை. அவர் அவளைத் தாண்டிப் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார், முழுவதையும், மூலை மூலையாக, கடைக்காரன் கொண்டுவந்து போட்ட துணியில் நெசவுக் குற்றம் தேடுகிறவர் போல. வேலிக் கம்பத்துக்கு அடியில் ஒரு கொத்து விட்டுப்போயிருக்கிறது என்றார். அந்த வளைவில் பட்டை கோணியிருக்கிறது என்றார். ஷூவைக் கழுவிவிட்டுத்தான் கார் ஷெட்டுக்குள் வரவேண்டும், என் ஷூ என்றார். ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல அவளுக்குள் கட்டியிருந்தது ஒவ்வொன்றாக இளகிக்கொண்டு வந்தது, இன்னும் சொல்லட்டும், இன்னும் ஏதாவது தப்பு இருக்கும், கண்டுபிடிக்கட்டும். ஆனால் அந்த ஒன்றைக் கேட்டுவிட வேண்டும், இப்போதே, முகம் இப்படி இருக்கும்போதே. பந்தயத்தில் தோற்றாலும் இப்போதே தோற்றுவிடலாம்.

"ஞாயித்துக்கெழமைக்கு அந்த ஏஜெண்ட வரச் சொல்லி பிருந்தாகிட்டச் சொல்லீரட்டுங்களா?"

அவர் மேப்பிள் மரத்தடியில் வெட்டாமல் நின்ற பாயளவுப் புல்லைப் பார்த்தார், அதன் நடுவில் மஞ்சள் பூ மூன்று நான்கு நிமிர்ந்து நின்றன.

"வேண்டாம்," என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். ஜாக்கெட்டின் கைநுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், பச்சை முகத்தில் ஏறியது. பனி வருமே, தனியாக இரண்டு பேரும் என்ன செய்வோம், பிருந்தா என்ன சொல்வாள், அவளைச் சமாதானப்படுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாது, அதெல்லாம் அப்புறம். உள்ளே போய் உட்காருங்கள், காற்று அடிக்கிறது என்றாள். போகமாட்டேன், இங்கேதான் நிற்பேன் என்றார். அதையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு, உள்ளேயிருந்து கம்பளியையும் நாற்காலியையும் எடுத்து வந்து வாசலிலேயே போட்டு உட்காரவைத்தாள். திரும்பி நடக்கும்போது பின்னாலிருந்து, அந்த மரத்தடியத் தொடாதே, அது எனக்கு, டாக்டரு விடறப்ப நான் வெட்டிக்கறேன் என்றார். சரிங்க என்றாள். இந்தச் சரி அவளுடைய சரி. மெஷினை வேலி ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள், மரம் வலக்கைப் பக்கம் வரும்படி நிறுத்தினாள், வெட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை, எல்லாம் வெட்டியாகிவிட்டது. கயிற்றை இழுத்தாள்.